தகவல் கசிந்தால் முதலில் சொல்ல வேண்டியது யாரிடம்?

2021 ஜூன் மாதக் கடைசியில், தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் ஓர் இணையதளத்தில் பதிவேற்றப்பட்டன. பெயர், முகவரி, கைப்பேசி எண், ஆதார் எண், குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பது வரை அதில் இருந்தது. கண்டுபிடித்துச் சொன்னது பெங்களூரைச் சேர்ந்த டெக்னிசாங்க்ட் என்ற தனியார் இணையப் பாதுகாப்பு நிறுவனம். செய்தித்தாள்களில் ஓரிரு நாள் வந்தது. அப்புறம் பேச்சு அடங்கிவிட்டது.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் பட்டுத்தறி போட்டிருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ரேஷன் கடை, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம், நெசவாளர் அடையாள அட்டை, வங்கி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் மகனின் பி.எஃப். கணக்கு என்று அவர்களுடைய விவரம் பத்து இடங்களில் இருக்கிறது. எதையும் அவர்கள் ஆசைப்பட்டுக் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் அரிசி வராது, கூலி ஏறாது, கடன் கிடைக்காது. அந்த 50 லட்சத்தில் அவர்களும் இருந்திருந்தால் அது அவர்களுக்குத் தெரிய எந்த வழியும் இல்லை. விவரம் கசிந்தால் உரியவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு இந்தியாவில் சட்டமும் இல்லை.

தரவுக் கசிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஹேக்கர் எப்படி உள்ளே புகுந்தான், எத்தனை கோடிப் பேர், எத்தனை டாலருக்கு விலை பேசினான் என்பதிலேயே நம் கவனம் நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுவது வேறு. இத்தனை ஆண்டுகளில், இத்தனை கசிவுகளில், விவரத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் ஏன் கடைசியில் தெரிந்துகொள்கிறார், பல சமயம் தெரிந்துகொள்ளாமலே போகிறார்?

எப்படிக் கசிகிறது

பெரிய திரைப்படச் சாகசம் எதுவும் தேவைப்படுவதில்லை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளம் காணும் மென்பொருளின் தளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். நிர்வாகி கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவுபோனதுதான் காரணம் என்று காவல்துறையே விளக்கம் தந்தது. ஒரே ஒரு கடவுச்சொல்.

இன்னும் எளிய வழியும் உண்டு. ஶ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை நடத்தும் ஹூண்டாய் நிறுவனம், வண்டியை சர்வீஸுக்கு விட்டவர்களுக்கு பில்லையும் பழுது விவரத்தையும் வாட்ஸ்அப்பில் இணைப்பாக அனுப்பிவந்தது. அந்த இணைப்பிலேயே வாடிக்கையாளரின் கைப்பேசி எண் இருந்தது. அந்த எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண்ணைப் போட்டால் வேறொருவரின் பெயர், முகவரி, வண்டி எண், எஞ்சின் எண் எல்லாம் திரைக்கு வந்தன. 2024 ஜனவரியில் டெக்கிரஞ்ச் என்ற இணைய இதழ் இதை வெளியிட்டது. நிறுவனம் ஓட்டையை அடைத்தது. பூட்டை உடைக்கவில்லை, சுவர் ஏறிக் குதிக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் விளையாட்டாகச் செய்து பார்க்கக்கூடிய காரியம் அது.

மூன்றாவது வழி உள்ளேயிருந்து கசிவது. 2018 ஜனவரியில் தி டிரிப்யூன் நாளிதழின் செய்தியாளர், வாட்ஸ்அப்பில் ஆள் பிடித்து 500 ரூபாய் கொடுத்து, பத்தே நிமிடத்தில் ஆதார் விவரங்களைத் தேடிப் பார்க்கும் உள்நுழைவு எண்ணையும் கடவுச்சொல்லையும் வாங்கினார். செய்தி வந்ததும் ஆதார் ஆணையம் கொடுத்த புகாரில் பதிவான வழக்கில் அந்தச் செய்தியாளரின் பெயரும் இருந்தது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. ஓட்டையைக் காட்டியவர் மீதே வழக்கு வந்தால், அடுத்த ஓட்டையைப் பார்ப்பவர் வாயைத் திறக்க யோசிப்பார். அந்த வழக்கு இந்த நாட்டுக்குச் செய்த கேடு, அந்தக் கசிவு செய்ததைவிடக் குறைவானதல்ல என்பதே என் கருத்து.

இவை பெரிய இடத்துச் சங்கதிகள். நம் ஊர்ப் பக்கத்தில் நாள்தோறும் நடக்கும் கசிவு யார் கணக்கிலும் வருவதில்லை. ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். சுவரில் கடையின் வாட்ஸ்அப் எண் பெரிதாக ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் அந்த எண்ணுக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் கணினியில் இறக்கிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொள்கிறார். கோப்பு அங்கேயே கிடக்கிறது. அவர் திருடர் அல்ல, அழிக்க நேரமில்லாதவர். அந்தக் கணினியில் வேலை பார்த்துவிட்டுப் போன பையன்களுக்கும், அதைப் பழுது பார்க்க எடுத்துப்போகிறவருக்கும் ஊரில் பாதிப் பேரின் ஆதார் கையில் இருக்கிறது. ஆதாரின் மின்கோப்புக்குக் கடவுச்சொல் உண்டே என்று கேட்கலாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். அனுப்பியவரின் வாட்ஸ்அப் பெயரையும் படத்தையும் வைத்தே ஊகித்துவிடலாம்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. மக்கள் பதறினார்கள். இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று சொல்லி அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. முதல் அறிவிப்பில் சொன்னது நல்ல யோசனை. அதைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் ஒட்டியிருக்க வேண்டும்.

யார் கண்காணிக்கிறார்கள்

கசிந்த விவரங்கள் எங்கே கிடைக்கின்றன என்று தேடிப் பார்ப்பது இன்று உலகெங்கும் ஒரு தனி வேலையாகிவிட்டது. அதில் முன்னோடி, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட். அடோபி நிறுவனத்தில் நடந்த பெரிய கசிவுக்குப் பிறகு, 2013 டிசம்பரில் 'ஹேவ் ஐ பீன் பவுன்ட்' என்ற தளத்தைத் தனி ஆளாகத் தொடங்கினார். மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால் அது எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று சொல்லும். காசு கிடையாது. கடவுச்சொல்லைச் சோதிக்கும் வசதியும் உண்டு. அதில் ஒரு நேர்த்தி இருக்கிறது: நீங்கள் தட்டும் கடவுச்சொல் அந்தத் தளத்துக்குப் போவதே இல்லை. உங்கள் கணினியிலேயே அது ஒரு நீண்ட குறியீடாக மாற்றப்பட்டு, அதன் முதல் ஐந்து எழுத்து மட்டும் அனுப்பப்படுகிறது. அந்த ஐந்து எழுத்தில் தொடங்கும் எல்லாக் குறியீடுகளையும் தளம் திருப்பி அனுப்ப, பொருத்தம் பார்ப்பது உங்கள் கணினி. ரகசியத்தைக் கேட்காமலே ரகசியம் போய்விட்டதா என்று சொல்லும் முறை இது. நம் அரசுத் துறைகள் படித்து எடுத்துக்கொள்ள வேண்டிய முறை.

ஆனால் முசரவாக்கத்து நெசவாளிக்கு அந்தத் தளத்தால் பயன் மிகக் குறைவு. அது மின்னஞ்சலை வைத்துத் தேடுவது. நம் ஊர்களில் மின்னஞ்சல் என்பது புது போன் வாங்கும்போது கடைக்காரப் பையன் தானே உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போன ஒன்று. முகவரியும் நினைவில் இருக்காது, கடவுச்சொல்லும் இருக்காது. இங்கே ஆளை அடையாளம் காட்டுவது கைப்பேசி எண்ணும் ஆதார் எண்ணும். அவற்றை வைத்துத் தேடும் வசதியை நம் நாட்டில் யார் செய்து கொடுத்தார்கள் தெரியுமா? திருடர்கள். 2021 மே மாதம் டோமினோஸ் பீட்சா ஆர்டர்கள் 18 கோடி கசிந்தபோது, கைப்பேசி எண்ணைத் தட்டினால் வீட்டு முகவரி வரும்படி ஒரு தேடுதளத்தையே ஹேக்கர்கள் அமைத்தார்கள். 2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரங்கள் டெலிகிராமில் வெளிவந்தபோதும் அதே கதை. எண்ணைக் கொடுத்தால் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் எல்லாவற்றையும் ஒரு தானியங்கிக் கணக்கு கொட்டியது. ஒருவர் தன் விவரம் வெளியே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் திருடன் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "உங்கள் ஆதார் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்று ஆதார் எண்ணையே கேட்கும் எந்தத் தளத்திலும் எண்ணைப் போடாதீர்கள். அது வலை விரிப்பவர்களின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும்.

அரசுத் தரப்பில் கண்காணிக்க வேண்டியது 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் அமைப்பு. சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதனிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு. ஆறு மணி நேரம் என்பது உலகிலேயே கடுமையான கெடுக்களில் ஒன்று. ஆனால் அந்தத் தகவல் நிறுவனத்திடமிருந்து அரசுக்குப் போகிறது. அங்கிருந்து மக்களுக்கு வருவதில்லை. பொதுமக்கள் அறிந்த பெரிய கசிவுகளில் பெரும்பாலானவை தனியார் ஆய்வாளர்களாலும் பத்திரிகைகளாலும் வெளிவந்தவை. 81.5 கோடி இந்தியரின் ஆதார், பாஸ்போர்ட் விவரங்கள் என்று சொல்லி 80 ஆயிரம் டாலருக்கு விலை பேசப்பட்டதை 2023 அக்டோபரில் வெளியிட்டது அமெரிக்காவைச் சேர்ந்த ரிசெக்யூரிட்டி நிறுவனம்.

மறுப்பு என்னும் வழக்கம்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் நடந்தவற்றில் ஆழமாகக் காயப்படுத்தியது அதுதான்.

2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜேசன் பார்க்கர் என்ற பிரிட்டன் ஆய்வாளர் துப்புக் கொடுத்திருந்தார். டெலிகிராமில் இரண்டு தானியங்கிக் கணக்குகள் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் ஆவணங்களைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தன. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களே 1,500க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிப் பார்த்தார்கள். பெயர், முகவரி, பான் எண்ணோடு நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு, என்ன நோய் என்ற மருத்துவர் குறிப்பு, அடையாள அட்டை நகல் எல்லாம் இருந்தன. 'ஜென்சென்' என்ற பெயரில் இயங்கிய ஹேக்கர் 3.1 கோடி வாடிக்கையாளர்களின் 7.24 டெராபைட் தகவல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பரவலான பாதிப்பு இல்லை, வாடிக்கையாளர்களின் முக்கிய விவரங்கள் பாதுகாப்பாக உள்ளன என்பது நிறுவனத்தின் முதல் பதில். ராய்ட்டர்ஸ் பேசிய காப்பீட்டுதாரர்கள், இப்படி ஒன்று நடந்ததாகத் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார்கள். ஒருவரின் நோய் என்னவென்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது, அது கசிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டெலிகிராம், கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம், அந்த ஹேக்கர் ஆகியோருக்கு எதிராக இடைக்காலத் தடை கிடைத்தது. ஒரு கணக்கை முடக்கினால் இன்னொன்று முளைத்தது. அக்டோபரில்தான் தாங்கள் சைபர் தாக்குதலுக்கு ஆளானதையும், சில தகவல்கள் அத்துமீறி அணுகப்பட்டதையும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 68 ஆயிரம் டாலர் கேட்டு மிரட்டல் வந்ததும் பின்னர் வெளியே வந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதை. நீதிமன்றத் தடை பரவலைக் குறைக்கலாம். வெளியே போனதைத் திரும்ப வாங்கித் தராது.

கோவின் விவகாரத்தில், கசிவுச் செய்திக்கு ஆதாரமே இல்லை, விஷமத்தனமானது என்றது மத்திய சுகாதார அமைச்சகம். கோவின் தரவுத்தளத்துக்குள் நேரடியாக யாரும் நுழையவில்லை என்ற விளக்கமும் வந்தது. அதே மாதம் டெல்லி காவல்துறை பீகாரைச் சேர்ந்த ஒருவரைக் கைது செய்தது. 2021இல் மொபிக்விக் என்ற பணப்பரிமாற்றச் செயலியின் கசிவைச் சொன்ன ஆய்வாளர் ராஜசேகர் ராஜஹரியாவை அந்த நிறுவனம் கடுமையாகச் சாடியது. பிறகு ரிசர்வ் வங்கி தடயவியல் தணிக்கைக்கு உத்தரவிட்டது. "எங்கள் சர்வருக்குள் யாரும் வரவில்லை" என்ற வாக்கியம் தொழில்நுட்ப அளவில் உண்மையாகவே இருக்கலாம். கடவுச்சொல் வழியாக வந்தானா, துணை நிறுவனத்தின் வழியாக வந்தானா என்பதெல்லாம் நிறுவனத்துக்கு முக்கியம். ஆதார் எண் போனவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன லாபம்?

எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குத் தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2018இல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். ஜூலை 4 அன்று சந்தேகம் எழுந்தது. ஜூலை 20 அன்று நாட்டுக்கே அறிவித்தார்கள். குறிப்பிட்ட காலத்தில் அங்கே சிகிச்சைக்கு வந்த எல்லோருக்கும், பாதிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து நாளுக்குள் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். விசாரணைக் குழு அமைத்து, 2019 ஜனவரியில் அதன் அறிக்கையைப் பொதுவில் வைத்தார்கள். மருத்துவக் குழுமத்துக்கும் அதன் கணினி அமைப்பை நிர்வகித்த நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம். திருட்டைத் தடுக்க அவர்களாலும் முடியவில்லை. ஆனால் உரியவரிடம் சொன்னார்கள்.

கசிந்த பிறகு

உரியவருக்குத் தெரிந்தால் என்ன செய்துவிடப் போகிறார் என்று அதிகாரிகள் சிலர் கேட்பதுண்டு. நிறையச் செய்யலாம். எல்லாம் முடியாது என்பதும் உண்மை.

கடவுச்சொல்லை மாற்றலாம். வங்கி அட்டையை முடக்கிப் புதிது வாங்கலாம். ஆதார் எண்ணை மாற்ற முடியாது. பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், கைரேகை, நோய் ஆகியவற்றையும் மாற்ற முடியாது. வெளிநாட்டு அறிவுரைகளை அப்படியே எடுத்துச் சொல்பவர்கள் கடவுச்சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள். நமக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் மாற்ற முடியாதவற்றின் வழியாக.

கைரேகையை எடுத்துக்கொள்வோம். ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் கைரேகையும் இருந்தால், ஓடிபி இல்லாமலே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி கிராமங்களில் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு அது பெரிய உதவி. 2018இல் தெலங்கானாவில் சிம் அட்டை விற்ற ஒருவர், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் இயந்திரத்தில் வார்த்து, ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை மற்றவர் பெயரில் உயிர்ப்பித்தார். அதே வகைப் போலி ரேகையால் பணம் எடுத்த வழக்குகள் பிறகு பல மாநிலங்களில் வந்தன. இதற்குத் தீர்வாக ஆதார் ஆணையம் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி தந்திருக்கிறது. ஆணையத்தின் செயலியிலோ தளத்திலோ செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் தமிழ்நாட்டில் ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துத்தான் பொருள் வாங்குகிறோம். பூட்டிவிட்டால் அரிசி வாங்கப் போகும்போது திறக்க வேண்டும். திறப்பதற்கு ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். அந்த எண் பல வீடுகளில் வேலைக்குப் போன மகனிடம் இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல் மறுபடி மறுபடி வைக்கச் சொல்லும்போது, பூட்டித் திறக்கும் வேலையும் சேர்ந்தால் எந்தப் பாட்டி செய்வார்? கணினி முன் உட்கார்ந்திருப்பவர் மனத்தில் வைத்துச் செய்த பாதுகாப்பு அது. வங்கிக்கு மட்டும் பூட்டு, ரேஷனுக்குத் திறப்பு என்று பிரித்துக் கொடுக்க ஆணையத்தால் முடியாதா?

அதுவரை, முதலில் இணைத்த எண்ணைச் சரிசெய்துகொள்வதே அவசரம். பிறகு கைரேகை எங்கெங்கே, எப்போது பயன்படுத்தப்பட்டது என்ற கடந்த ஆறு மாதப் பட்டியலை ஆதார் தளத்தில் பார்க்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தெரிந்துகொள்ளலாம். உங்களுடையதல்லாத எண்ணை அங்கேயே புகார் செய்து துண்டிக்க வைக்கலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு எழுதிப்போட்டு "ஏற்கெனவே கடன் இருக்கிறதே" என்று திருப்பி அனுப்பப்படும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரம்தான் எல்லாம். 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வங்கிகளுக்கு உடனே தகவல் போகும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் ஒரு நாள் கடத்தினால் பணம் பல கணக்குகள் தாண்டிப் பறந்துவிடும்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறும் இல்லாமல் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போனால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பு கிடையாது. ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அது 5,000 ரூபாய். அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே விதி வந்தது. நல்ல விதி, அதிகம் பேருக்குத் தெரியாத விதி. ஆனால் வாடிக்கையாளரே ஓடிபியைச் சொல்லிவிட்டால் அது அவருடைய கவனக்குறைவு. புகார் செய்யும் வரை போன பணம் அவர் தலையில்தான்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். அந்த நாட்களிலேயே, உரிமைத் தொகை பற்றிப் பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. போனில் பேசுபவன் உங்கள் பெயரைச் சொல்கிறான், கணவர் பெயரைச் சொல்கிறான், ரேஷன் அட்டை எண்ணைச் சொல்கிறான், ஆதாரின் கடைசி நான்கு எண்ணையும் சொல்கிறான். இத்தனையும் தெரிந்தவன் தாலுகா ஆபீஸ் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பெண் நம்பினால் அது கவனக்குறைவா? அவன் கையில் அந்த விவரம் கிடைக்க விட்டது யாருடைய கவனக்குறைவு? விவரத்தைக் காக்கத் தவறியவர்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை, ஏமாந்தவள்மேல் முழுப் பொறுப்பு என்பது நியாயமாகாது. கசிந்த விவரத்தை வைத்து ஏமாற்றப்பட்டது தெரிந்தால், அதையும் மூன்றாம் இடத்துக் கசிவாகவே கருதி இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியைத் திருத்த வேண்டும்.

சட்டம் தருவதும் தராததும்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதிலிருந்து ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குள் இலங்கை 2022இலேயே தனக்கொரு சட்டம் நிறைவேற்றிவிட்டது. நம் சட்டத்துக்கான விதிகள் வர இன்னும் இரண்டு ஆண்டு. 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே.

அதில் இருக்கும் நல்லதை மனமாரச் சொல்ல வேண்டும். கசிவு நடந்தால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி, எளிய முறையில் தெரிவிக்க வேண்டும். என்ன கசிந்தது, அதனால் என்ன விளையலாம், அவர் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம், யாரைத் தொடர்புகொள்ளலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை, தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு காசு இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில், கவனக்குறைவாக இருந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்குகிறது. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க்காரர்களின் விவரம் அதிகம் இருப்பது பீட்சா கடையிலா, அரசுத் துறைகளிலா? ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளிலும் பெற வழி வைத்த சட்டம், கசிவு அறிவிப்பு எந்த மொழியில் வர வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்து, அதில் ஓர் இணைப்பும் இருந்தால், மோசடிச் செய்தி என்றே நம்மவர்கள் அழித்துவிடுவார்கள். அப்படி அழிக்கத்தானே இத்தனை நாளாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

தமிழ்நாடு அரசு 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை. மாநிலத்தின் ஏதேனும் ஒரு துறையிலிருந்து விவரம் கசிந்தால், இணைப்பு எதுவும் இல்லாத தமிழ்க் குறுஞ்செய்தியும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பும், ரேஷன் கடைப் பலகையில் ஓர் அறிவிப்பும் தர ஓர் அரசாணை போதும். விலைப் பட்டியலும் இருப்பு நிலவரமும் எழுதும் பலகை எல்லா ரேஷன் கடையிலும் இருக்கிறது. இன்ன மாதம் இன்ன விவரம் கசிந்தது, இதைச் செய்யுங்கள் என்று இரண்டு வரி எழுத இடம் இல்லாமல் போகாது.

கூட்டுறவுச் சங்கங்களும் பட்டுக் கடைகளும் செய்ய வேண்டியது தனியே உண்டு. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவரிடம் பில் போடக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. முகூர்த்தம் எப்போது, எத்தனை ஆயிரத்துக்குப் புடவை எடுத்தார்கள், வீடு எங்கே என்பதெல்லாம் சேர்ந்த பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சங்கங்கள், உறுப்பினரின் ஆதார் நகல்களை அடுக்கி வைத்திருக்கும் பழைய கோப்புகளை எடுத்து, தேவையில்லாதவற்றைக் கிழித்து அழிக்கலாம். வைத்திருக்காத விவரம் கசியாது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முசரவாக்கத்துக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் அடுத்து வரும் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எங்கள் விவரம் எந்தெந்தத் துறையில் இருக்கிறது, கசிந்தால் எங்களுக்கு எப்படி, எத்தனை நாளில், எந்த மொழியில் சொல்வீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.